முதல் அடி காலி

டுலூத்தில் ஏரி உறைந்துகிடந்த பிப்ரவரி.
பெயின்ட் கடைக்குக் கீழே நிலவறையில்
பேசினால் பேச்சு புகையாய்த் தெரிந்தது.
ஐலா ராவ்டியோ சொன்னாள்:
"டுவெய்ன், ஒன்றை அடிக்காதே.
ஒன்று காலியாக இருக்கட்டும். மூன்றில் விழு."
நான் அதுவரை ராக் மட்டுமே தெரிந்தவன்.
அடிக்காத கையை எங்கே வைத்துக்கொள்வது?
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்
ஒரு குளிர்காலம் முழுக்க.

பாஸ் வாசித்தது அயோனி பிரெய்த்வெயிட்,
கிங்ஸ்டனில் பிறந்த இரவுநேர நர்ஸ்.
ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்து
பாதித் தூக்கத்தில் வாசிப்பாள்.
ஒருநாளும் தாளம் தப்பியதில்லை.
இரும்புச் சுரங்கத்து ஃபின்காரன் மகள்
ரெகே பாடுவதை முதல்முறை கேட்டுவிட்டு
"கடன் வாங்கியிருக்கிறாய்" என்றாள்.
"பரவாயில்லை. வட்டியை ஒழுங்காகக் கட்டு."
ஐலா அதைக் கிட்டார் பெட்டியின் உள்மூடியில்
மார்க்கரால் எழுதிவைத்தாள்.
இன்னும் அழியவில்லை.

முதல் கேசட் முந்நூறு பிரதி.
இருநூற்றுப் பத்து என் கராஜில் இருக்கிறது,
வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒருவன் வந்தான்,
மெல்லிய தோல் செருப்பில், பனியில் இரண்டுமுறை சறுக்கி.
"பாட்டெல்லாம் அருமை.
அந்த இடறல் மட்டும் வேண்டாம்" என்றான்.
அவள் மறுத்துவிட்டாள் என்று
ஊரில் கதை சொல்கிறார்கள்.
மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.
இரண்டு கடைவாய்ப் பற்களுக்குப் பணம் வேண்டியிருந்தது.
அங்கே வேறொரு டிரம்மர் ஒன்றில் அடித்தான்,
ஒவ்வொரு ஒன்றிலும்,
ஆணி அறைகிறவனைப் போல.
அந்த ஆல்பம் வெளிவரவேயில்லை.
கம்பெனியை ஒரு கம்பெனி வாங்கி
அதை இன்னொன்று விழுங்கி
பாட்டுகள் எந்தக் கிடங்கில் கிடக்கின்றனவோ.
ஒப்பந்தப்படி ஏழு வருடம்
தன் பாட்டைத் தானே பதிவுசெய்யக்கூடாது.
ஏழு வருடம் வீடுகளுக்கு வெள்ளையடித்தாள்.
ஏணி மேலிருந்து முணுமுணுப்பாளாம்.
அதற்கு ஒப்பந்தத்தில் தடையில்லை.

பிறகு சொந்தக் கம்பெனி:
ஒரு மேசை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்,
ஹீட்டர் வேலைசெய்யாத வேன்.
ஓ க்ளேர், தண்டர் பே, ஃபார்கோ.
ஃபார்கோவில் பதினோரு பேர்,
அதில் இருவர் பாரில் கிளாஸ் கழுவுகிறவர்கள்.
அவர்கள்தான் கடைசிவரை நின்று கேட்டார்கள்.
டொலீடோவில் ஒரு ஜமைக்காக்காரர்
மேடைக்கருகே வந்து
ஐலாவை வெகுநேரம் பார்த்துவிட்டு
எங்கள் டிஸ்க் எதையும் வாங்காமல்
அயோனிக்கு மட்டும் ஒரு பீர் வாங்கிக்கொடுத்துப் போனார்.
வேனில் அன்றிரவு யாரும் பேசவில்லை.

எட்டு ஆல்பம்.
ஒரு பாட்டு மானிடோபாவில்
பனி அள்ளும் இயந்திரத்தின் விளம்பரத்துக்குப் போனது.
கூரையை மாற்றியது அந்தப் பாட்டுதான்.
மழைபெய்யும்போது அதை அவள் திட்டுவதில்லை.
போன வாரம் வந்த காசோலை
நாலு டாலர் பதினேழு சென்ட்.
ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள்,
மாற்றினால் வங்கி செலவே அதிகம்.

அயோனி ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிட்டாள்.
போனில் பாஸ் வாசித்து அனுப்புகிறாள்.
பின்னால் ஒரு சேவல் கூவுகிறது.
நீக்கிவிடலாமா என்றேன்.
"வேண்டாம், அது சரியாக மூன்றில்தான் கூவுகிறது.
உனக்கு எவ்வளவு காலம் பிடித்தது?" என்றாள் ஐலா.

சென்ற வெள்ளிக்கிழமை கால்வாய்க் கரையில் வாசித்தோம்.
அவளுக்கு அறுபத்தொன்று,
மணிக்கட்டில் அறுவைத் தழும்பு.
இரண்டாவது பாட்டின் நடுவில் பாலம் மேலெழும்ப
தாதுக் கப்பல் ஒன்று உள்ளே நுழைந்தது.
நீளமாய் ஒரு ஊதல், குட்டையாய் இரண்டு.
ஜனமெல்லாம் எங்களுக்கு முதுகு காட்டி
கப்பலுக்குக் கையசைத்தது.
அவள் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
குச்சியை ஓங்கியிருந்தேன்.
ஒன்று வந்தது.
கப்பல் கடந்துகொண்டேயிருந்தது, ஆயிரம் அடி நீளம்.